பெயரும் பெயரனும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பெயர். கென்னடி என்பது அப்பெயர். தமிழ்நாட்டில் அறுபது வயதை ஒட்டிய கென்னடிகளைப் பல ஊர்களில் காணலாம். இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி இப்பெயர் இடப்பட்டிருக்கிறது. ஆயினும் இது தமிழ்ப் பெயர் அன்று. ஆங்கிலப் பெயரும் அன்று. அயர்லாந்து நாட்டின் பழைய மொழியில் பிறந்த பெயர் இது. அங்கே இது குடும்பப் பெயர். நம்மிடம் வந்து இயற்பெயராயிற்று. இப்போது, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில், மீண்டும் குடும்பப் பெயராக மாறி வருகிறது. இந்த மாற்றங்களைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், நம் பிள்ளைகளின் பெயரைப் பற்றி நாம் எடுக்கவேண்டிய ஒரு முடிவுக்குத் தெளிவு பிறக்கும்.

மாற்றம் நிகழும் இடத்திலிருந்தே தொடங்குவோம். பெங்களூரு நகரின் தெற்கே, ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமாகிய கியோனிக்ஸ், 1970களின் இறுதியில், கோனப்பன அக்ரஹார, தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களின் நிலத்தில், 332 ஏக்கரில் இதற்கு அடிகோலியது. கழகத்தின் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகா இதற்கு வித்திட்டவர். 2010இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. கோனப்பன என்னும் கன்னடச் சொல்லுக்குக் கோனப்பனுடைய என்பது பொருள். யாரோ ஒரு கோனப்பரின் பெயர் ஊர்ப்பெயராகி, இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரிலும் இடம்பெற்றிருக்கிறது. மனிதர் போவர், பெயர் இடம் மாறி, பணி மாறி, நின்றுவிடும். நம் பேச்சின் கருத்துக்கு இஃது ஒரு முன்னுரை போல அமைந்திருக்கிறது.

அங்கே பணிபுரியும் தமிழர் தொகை பெரிது. ஓசூரிலிருந்து நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து வருவோரும் உளர். குடும்பத்தோடு அங்கேயே குடியேறியோரும் உளர். அவ்வாறு ஒரு நிறுவனத்தில் கயல்விழி என்னும் பெண் வேலைக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தந்தையார் பெயர் கென்னடி. தமிழ்நாட்டுப் பள்ளியில் அவள் பெயர் கெ. கயல்விழி. நிறுவனத்தின் கணிப்பொறிப் படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. இரண்டையும் நிரப்பினாலன்றி அடுத்த பக்கத்துக்கு அது வழிவிடாது. ஓர் எழுத்தைப் பெயரென்று ஏற்கவும் மறுக்கிறது. எனவே அவள் கயல்விழி கென்னடி ஆகிறாள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்க்கும் வடநாட்டுத் தோழியர், 'உங்கள் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்ததோ?' என்று கேட்கின்றனர். கடல் கடந்த நாட்டிலிருந்து எழுதும் வாடிக்கையாளர், 'அன்புள்ள செல்வி கென்னடி' என்று விளிக்கிறார். நம் ஊரில் தந்தையின் பெயரைச் சொல்லி மகளை எவரும் அழைப்பதில்லை. இங்கே அதுவே மரியாதைக்குரிய விளியாகிவிட்டது.

இந்தத் தந்தையாருக்கு அயர்லாந்துப் பெயர் எவ்வாறு வந்தது? அதனை அறிய, தமிழ்நாட்டில் பெயர் சூட்டும் முறையை முதலில் நினைவுகூர வேண்டும். நமக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் இல்லை. ஒருவருக்கு ஒரு பெயர். அதற்கு முன்னே தந்தை பெயரின் முதலெழுத்து. சிலர் ஊரின் எழுத்தையும் சேர்ப்பர். முன்னாளில் பெயருக்குப் பின்னே சாதிப் பெயரை ஒட்டி எழுதும் வழக்கமும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, அவ்வொட்டுகளை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. பின்வந்த தலைமுறையினர் பெரும்பாலோர் அவற்றை விட்டனர். பெயருக்குப் பின்னிருந்த இடம் வெற்றிடமாயிற்று. எனவே தமிழர் ஒருவருக்குப் பெயர் என்றால் இயற்பெயர் ஒன்றே.

இந்த ஓரிடத்திற்கு உலகம் முழுவதிலுமிருந்து பெயர்கள் வந்து சேர்ந்தன. மதிக்கத்தக்க ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு இட விரும்பிய பெற்றோர், அப்பெயரில் எப்பகுதி மிகவும் அறியப்பட்டதோ அதையே எடுத்துக்கொண்டனர். காந்தி என்பது குஜராத்தில் வணிகத் தொழில் பற்றிய குடும்பப் பெயர். நேரு என்பது வாய்க்காலைக் குறிக்கும் நஹர் என்ற சொல்லிலிருந்து கிளைத்த காசுமீரக் குடும்பப் பெயர். போஸ் வங்கக் குடும்பப் பெயர். லிங்கன் ஆங்கில மரபின் குடும்பப் பெயர். லெனினும் ஸ்டாலினும் புரட்சிக்காரர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர்கள். இவை யாவும் தமிழ்நாட்டில் இயற்பெயர்கள் ஆயின. குடும்பப் பெயர் என்ற கருத்தே இல்லாத வீட்டில், நேரு என்பதும் முருகன் என்பதும் ஒரே நிலையில் நிற்கும் பெயர்களே. இன்னொரு காரணத்தையும் மறத்தலாகாது. வெளியிலிருந்து வந்த இப்பெயர்களைக் கேட்டவர், உடையவரின் சாதி இன்னதென்று சொல்ல இயலாது. பலருக்கு அது விரும்பத்தக்க நன்மையாக இருந்தது.

ஜான் கென்னடி 1961 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் நேரு அமெரிக்கா சென்று அவரைக் கண்டார். 1962 மார்ச்சில் திருமதி கென்னடி இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டு இறுதியில் சீனப் போர் மூண்டபோது கென்னடியின் அரசு நமக்குப் படைக்கலங்கள் அனுப்பி உதவியது. 1963 நவம்பர் 22ஆம் நாள், தம் 46ஆம் வயதில், டல்லாஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளிலும் அவற்றை அடுத்தும் பிறந்த தமிழ்க் குழந்தைகள் பலருக்கு அவர் பெயர் இடப்பட்டது. இன்று விக்ரம் என்று நாம் அறியும் திரைப்பட நடிகர் 1966இல் பிறந்தவர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கென்னடி. தந்தையார் பெயர் ஜான் விக்டர். எனவே கென்னடி ஜான் விக்டர் என்று முழுப்பெயர் எழுதப்படுகிறது. அமெரிக்கர் ஒருவர் இதைப் படித்தால் விக்டர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் என்று கொள்வார். நாமோ, விக்டர் என்பது தகப்பனார் பெயரென்று உடனே அறிவோம்.

இனி இப்பெயரின் ஊருக்குச் செல்வோம். அயர்லாந்து மொழியில் இதன் வடிவம் 'ஓ கின்னேடி' என்பதை ஒட்டி ஒலிக்கும். 'ஓ' என்பது முன்னொட்டு. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம். எஞ்சியது ஒரு மனிதரின் இயற்பெயர். பழைய அயர்லாந்து மொழியில் அது 'கென்னேட்டிக்' என்றிருந்தது. இதன் முற்பகுதியாகிய 'கென்' என்பதற்குத் தலை என்பது பொருள், இதில் ஐயமில்லை. பிற்பகுதியைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. அழகற்ற, அச்சந்தரும் என்று பொருள்படும் சொல் அது என்பர் ஒரு சாரார். கவசத்தைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றுப்படி கென்னடி என்பார் கோரத் தலையர். பின்னவர் கூற்றுப்படி தலைக்கவசம் அணிந்தவர். அழகிய தோற்றத்துக்குப் பெயர்போன ஒரு குடியரசுத் தலைவரின் பெயருக்கு இப்பொருள் அமைந்தது வேடிக்கையே.

இதைக் கேட்டுத் தமிழ்நாட்டுக் கென்னடிகள் வருந்த வேண்டுவதில்லை. உடற்குறியைக் கொண்டு பெயரிடுதல் பழங்குடிகள் எல்லார்க்கும் பொது. நம் சங்கப் புலவரிடையே ஐயூர் முடவனார் இருக்கிறார்; பெருந்தலைச் சாத்தனாரும் இருக்கிறார். மணிமேகலை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரின் பெயருக்கும் இதே போன்ற வழக்கு உண்டு. பிழையான பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையைக் குத்திக்கொண்டு, அது சீழ்ப்பிடித்த தலையாயிற்று என்பது செவிவழிக் கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பது அறிஞர் துணிபு. ஒரு பெயர் நெடுங்காலம் வாழ்ந்தால் அதன் பொருள் மங்கும். மங்கிய இடத்தில் கதை முளைக்கும். அயர்லாந்திலும் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்தது ஒன்றே.

அடுத்து அந்த 'ஓ' என்னும் முன்னொட்டு. அதன் பழம்பொருள் பேரன் என்பது. பின்னர் வழித்தோன்றல் என்று விரிந்தது. 'ஓ பிரையன்' என்றால் பிரையனின் பேரன். 'ஓ கின்னேடி' என்றால் கென்னேட்டிக்கின் பேரன். மகன் என்று குறிக்க 'மாக்' என்பதை முன்னே இடுவர். பெண்களுக்கு இவை வரா. 'நீ', 'நிக்' என்னும் வேறு முன்னொட்டுகள் வரும். எனவே ஒரு பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அவர் யாருடைய வழியில் வந்தவர், மகனா மகளா என்பது விளங்கிவிடும்.

கென்னேட்டிக் என்னும் பெயருடைய அரசன் ஒருவன், தால்காஸ் என்னும் குடியை ஆண்டு, 951ஆம் ஆண்டு மறைந்தான். அவன் மகனே அயர்லாந்தின் பேரரசனாக உயர்ந்து, 1014இல் குளோன்டார்ப் போர்க்களத்தில் வீழ்ந்த பிரையன் போரு. பிரையனின் உடன்பிறந்தார் மகன் ஒருவனுக்கும் கென்னேட்டிக் என்றே பெயரிட்டிருந்தனர். ஓ கின்னேடி குடும்பத்தின் முதல்வன் அவனே என்பது அயர்லாந்து மரபு. அவன் தன் பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதைக் கவனியுங்கள். தமிழில் பேரன் என்று நாம் சொல்லும் சொல்லின் திருந்திய வடிவம் பெயரன். பாட்டனின் பெயரை உடையவனாதலின் அவன் பெயரன். அயர்லாந்தின் 'ஓ'வும், அந்த முதல் ஓ கின்னேடியும், நம்முடைய பெயரன் என்ற சொல்லும் ஒரே எண்ணத்தைப் பேசுகின்றன. மூத்தவரின் பெயர் அழிந்துவிடாமல் காப்பது இளையவரின் கடமை என்பதே அவ்வெண்ணம்.

இவ்வொப்புமை அரசர்களோடு நிற்பதன்று. அயர்லாந்தில் ஓகம் என்னும் கோட்டெழுத்துப் பொறித்த பழங்கற்கள் கிடைத்திருக்கின்றன. பிரித்தானியத் தீவுகளில் உள்ளவற்றையும் சேர்த்து அவை ஏறத்தாழ 400. பெரும்பாலானவை கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையில் உள்ளவை. அவற்றில் பல, இன்னாரின் மகனாகிய இன்னாருக்குரியது என்ற செய்தியை மட்டும் சொல்லி முடிகின்றன. நம்முடைய கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில், அவற்றுக்கும் முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சமண முனிவர் ஒருவருக்குக் கற்படுக்கை அமைத்த செய்தியைச் சொல்லும் அக்கல்வெட்டு, சேர மரபில் பாட்டன், மகன், பேரன் என மூன்று தலைமுறையினரை மகன், மகன் என்று கோத்துக் கூறுகிறது. சங்கப் புலவர் பெயர்களிலும் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பது போன்றவற்றைக் காண்கிறோம். அந்த நீண்ட தொடர் சுருங்கிச் சுருங்கி, இன்று ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு நம் பெயருக்கு முன்னே நிற்கிறது. கெ. கயல்விழி என்பதில் உள்ள கெகரம், கென்னடியின் மகள் என்ற வாக்கியத்தின் எச்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓகம் கற்களில் மகனைக் குறிக்கும் சொல் 'மக்கி' என்பது. மாக், மக்கி, மகன் என்று அடுக்கிப் பார்த்து, அயர்லாந்து மக்களும் தமிழரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டுவார் இருத்தல் கூடும். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிலைநாட்டப்படாது. இரு மொழிகளும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இது தற்செயலான ஒற்றுமை. மொழிகளை ஒப்பிடுங்கால் சொல்லை மட்டும் பாராமல் இலக்கண அமைப்பையும் பார்க்க வேண்டும் என்று நமக்குக் காட்டியவர் டாக்டர் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு, இடையன்குடியை வாழ்விடமாகக் கொண்ட அவரும் 1814இல் அயர்லாந்தில் பிறந்தவரே.

அயர்லாந்தில் ஒரு தலைமுறைப் பெயர் குடும்பப் பெயராக உறைந்தது 10, 11ஆம் நூற்றாண்டுகளில். ஐரோப்பாவில் வழிவழிக் குடும்பப் பெயர் மிக முன்னதாக நிலைபெற்ற நாடுகளுள் அதுவும் ஒன்று. அதற்குமுன் ஒவ்வொருவரும் தம் தந்தை பெயரைச் சொல்லி வந்தனர். தலைமுறைதோறும் அது மாறியது. பின்னர் ஒரு கென்னேட்டிக்கின் பெயரோடு மாற்றம் நின்றுவிட்டது. பேரனும் ஓ கின்னேடி. பேரனுக்குப் பேரனும் ஓ கின்னேடி.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் அப்பெயர்களுக்குச் சோதனை ஏற்பட்டது. 1465இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், டப்ளினைச் சுற்றிய பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழ்ந்த அயர்லாந்து மக்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் பூண வேண்டுமென்று விதித்தது. ஊர்ப்பெயரோ, வெள்ளை, கறுப்பு முதலிய நிறப்பெயரோ, தச்சர், கொல்லர் முதலிய தொழிற்பெயரோ ஏதேனும் ஒன்றைக் கொள்ளுமாறு அது கூறிற்று. பிற்காலத்தில் ஆங்கிலம் பரவப் பரவ, பெயர்களின் எழுத்து மாறியது. 'ஓ'வும் 'மாக்'கும் பலரிடம் உதிர்ந்தன. ஓ கின்னேடி என்பது கென்னடி ஆயிற்று. பேரன் என்று சொல்லிய உறுப்பு போய்விட, வெறும் பெயர் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாய்மொழி மறுமலர்ச்சி தோன்றியபோது சில குடும்பங்கள் தம் 'ஓ'வை மீட்டுக்கொண்டன. கென்னடிகளுள் மிகப் பலர் மீட்டுக்கொள்ளவில்லை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு அயர்லாந்தில் பெரும் பஞ்சம் தொடங்கியது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை அறிந்தவர்க்கு இத்துயரின் அளவு விளங்கும். அப்பஞ்சக் காலத்தில் வெக்ஸ்போர்டு வட்டாரத்தின் டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்ட பாட்ரிக் கென்னடி, அங்கே மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியாக வாழ்ந்து 1858இல் இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரரே ஜான் கென்னடி. 1963 ஜூனில், மறைவுக்கு ஐந்து மாதங்களுக்கு முன், அவர் அந்த டங்கன்ஸ்டவுனுக்குச் சென்று உறவினர்களைக் கண்டார். ஊரையும் உறவையும் காட்டிக்கொடுத்தது அந்தப் பெயர். பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர் கொண்டுபோன பொருள்கள் யாவும் தேய்ந்தொழிந்தன, பெயர் தேயவில்லை.

அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு வேறொரு மாற்றமும் நேர்ந்திருக்கிறது. ரயன், கேசி, பிரேடி முதலிய அயர்லாந்துக் குடும்பப் பெயர்களை இயற்பெயராக இடும் வழக்கம் அங்கே பெருகிற்று. கென்னடி என்பது இப்போது பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு இடும் பெயராக இருக்கிறது. தமிழர் செய்ததை அமெரிக்கரும் செய்கின்றனர். வேறுபாடு ஒன்று உண்டு. அவர்களிடம் இயற்பெயர் எதுவாயினும், பின்னே ஒரு குடும்பப் பெயர் நிலையாக நிற்கும். நம்மிடம் அது இல்லை.

அது இல்லாமையே எலெக்ட்ரானிக் சிட்டியில் கயல்விழிக்கு நேர்ந்ததன் காரணம். மைய அரசின் படிவங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இதில் ஒன்று சொல்லலாம். சர்நேம் என்ற சொல்லைக் குடும்பப் பெயர் என்று மொழிபெயர்த்துவிடுவது எளிது. சொல் வந்துவிடும்; சொல்லுக்குரிய பொருள் தமிழ் வீட்டில் இராது. தமிழில் அழகாக அச்சிட்ட கட்டம், நிரப்ப ஒன்றுமின்றி நிற்கும்.

இந்தக் கட்டத்தால் விளையும் தொல்லை சிறிதன்று. ஆதார் அட்டை பெயருக்கு ஒரே இடம் வைத்திருப்பதால் அங்கே இடரில்லை. கடவுச்சீட்டில் இயற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு இடங்கள் உள்ளன. ஒற்றைப் பெயருடையார்க்கும் அது கிடைக்கிறது. ஆனால் அமெரிக்க விசாவில், ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் வைத்து, இயற்பெயரின் இடத்தில் எப்.என்.யு. என்று மூன்றெழுத்தை அச்சிடுகின்றனர். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். தாயும் தந்தையும் ஆராய்ந்து இட்ட பெயர் இருக்க, பெயரறியாதவர் என்ற முத்திரையோடு ஒருவர் கடல் கடக்கிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தது.

இத்தகைய இடர்களுக்கு அஞ்சி, வெளிமாநிலத் தமிழர் அந்தக் கட்டத்தை மூன்று வகையாக நிரப்புகின்றனர். சிலர் தந்தையின் இயற்பெயரை எழுதுகின்றனர். சிலர் தம் பெயரையே இரண்டாகப் பிரித்து, கயல் ஒரு கட்டத்திலும் விழி ஒரு கட்டத்திலுமாக வைக்கின்றனர். இன்னுஞ் சிலர், பாட்டன் காலத்தில் விட்டுவிட்ட சாதிப் பெயரைத் தேடியெடுத்து எழுதுகின்றனர். சுற்றியிருப்போர் சர்மா என்றும் ரெட்டி என்றும் பாட்டீல் என்றும் எழுதும்போது, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்போலும் என்று எண்ணிச் செய்கின்றனர். தீமை எண்ணிச் செய்வாரல்லர். படிவத்தை முடிக்கும் அவசரத்தில் செய்கின்றனர்.

இதற்குக் கன்னட நாட்டைக் குறை கூறுவது பொருந்தாது. கன்னடரும் நம்மைப் போலவே ஊரையும் தந்தையையும் பெயருக்கு முன்னே வைப்பவர். கன்னடப் பெருங்கவிஞர் குவெம்புவின் புனைபெயரைப் பாருங்கள். குப்பளி வெங்கடப்ப புட்டப்ப என்னும் முழுப்பெயரின் முதலெழுத்துகளாகிய கு, வெம், பு என்பவையே அது. ஊரும் தந்தையும் மகனும் மூன்றெழுத்தில் அடங்கிய அழகிய பெயர். நம்முடைய கெ. கயல்விழியைக் கோனப்பன அக்ரஹாரத்துப் பெரியவர் எளிதிற் புரிந்துகொள்வார். புரிந்துகொள்ள மாட்டாதது படிவம். அது எங்கோ ஒரு நாட்டு வழக்கத்தை உலகப் பொது வழக்கமென்று கருதி வரையப்பட்டது.

எனினும் படிவம் மாறும்வரை நாம் காத்திருக்க இயலாது. நாம் என்ன செய்யலாம்? முதலாவது, சாதிப் பெயரால் அந்தக் கட்டத்தை நிரப்புதல் வேண்டா. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முயன்று விட்ட ஒன்றை, கணிப்பொறியின் கட்டம் கேட்டதென்று மீண்டும் எடுத்துக்கொள்வது, நம்மைப் பார்க்கிலும் நம் பிள்ளைகளுக்கு இழப்பு. பிறந்த மண்ணில் எவரும் கேளாத கேள்விக்கு, அவர்கள் அயல்மண்ணில் விடை சுமந்து திரிய நேரும்.

இரண்டாவது, தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ எழுதலாம். அதுவே நம் மரபுக்கு அணுக்கமானது. ஆனால் ஒன்றைத் தெரிந்தே செய்ய வேண்டும். முதலெழுத்தாக இருந்தவரை அப்பெயர் தலைமுறைதோறும் மாறிவந்தது. கட்டத்துள் புகுந்தபின் அது உறைந்துபோகக் கூடும். தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மு. க. ஸ்டாலின் 1953 மார்ச் 1ஆம் நாள் பிறந்தவர். நான்கு நாட்களில் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் மறைய, அவர் நினைவாகப் பெயர் இடப்பட்டது. அப்பெயருக்கு முன்னே பாட்டனார் முத்துவேலர், தந்தையார் கருணாநிதி ஆகியோரின் எழுத்துகள் நிற்கின்றன. அவர் மகனாரோ உதயநிதி ஸ்டாலின் என்று வழங்கப்படுகிறார். முன்னே எழுத்தாக நின்ற தந்தை, பின்னே பெயராக வந்து நிற்கிறார். கயல்விழி கென்னடிக்கு நாளை ஒரு மகன் பிறந்தால், அவனும் கென்னடி என்று எழுதப்படுவானா, தன் தந்தையின் பெயரைக் கொள்வானா, தாயின் பெயரால் கயல்விழி என்பதைக் கொள்வானா? பத்தாம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் நின்ற அதே இடத்தில் இன்று நம் குடும்பங்கள் நிற்கின்றன. எந்தப் பெயர் உறைய வேண்டும், அல்லது எதுவுமே உறையாமல் முறைப்படி மாறிவர வேண்டுமா என்பதை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்யவேண்டும். பேசாமல் விட்டால், வேலைக்குச் சேரும் நாளில் படிவமே முடிவு செய்துவிடும்.

மூன்றாவது, எம்முடிவாயினும் அதனை எல்லா ஆவணங்களிலும் ஒரே வகையாக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்றிருப்பது பின்னாளில் பெருந்துன்பம் தரும். குழந்தை பிறந்த உடனேயே முதலெழுத்தை விரித்து முழுப்பெயராகப் பதிவு செய்தல் நன்று. தமிழில் எழுதும்போது முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டு அரசும் 2021 டிசம்பரில் இதனை வலியுறுத்தி ஆணையிட்டிருக்கிறது.

நான்காவது, பிள்ளைகளுக்குத் தம் பெயரைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். எது தன் பெயர், எது தந்தையின் பெயர், இரண்டுக்கும் பொருள் என்ன என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். 'கயல்விழி என்பது என் பெயர். மீன் போன்ற கண் என்பது அதன் பொருள். கென்னடி என் தந்தையின் பெயர். அயர்லாந்தில் ஓர் அரசனின் பெயராக இருந்து, ஒரு நல்லவரின் நினைவாக எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களில் மகளைத் தந்தை பெயரால் அழைப்பதில்லை. என்னைக் கயல்விழி என்றே அழையுங்கள்.' இவ்வளவு சொல்ல ஒரு நிமிடம் போதும். கேட்ட தோழியர் மறுநாள் முதல் சரியாக அழைப்பர். தமிழர் பெயர்முறை இன்னதென்பதையும் அன்றே அறிந்துகொள்வர்.

கென்னேட்டிக் என்னும் மனிதனின் இயற்பெயர், பேரன்மாரின் குடும்பப் பெயராயிற்று. பஞ்சம் அதனைக் கடல் கடத்தியது. புகழ் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. தமிழ்நாட்டில் அது மீண்டும் இயற்பெயராய், ஒரு குழந்தையைத் தாய் அழைக்கும் பெயராய் ஆயிற்று. இப்போது அக்குழந்தையின் மக்கள், வேற்று மாநிலத்தில், அதனை மறுபடியும் குடும்பப் பெயராகச் சுமக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளில் அதன் பணி பலமுறை மாறியது. மாறாமல் இருந்தது ஒன்று: தமக்கு முன்னிருந்த ஒருவரை மறவாதிருக்கப் பின்வந்தோர் அதனை வழங்கினர். உங்கள் இல்லத்தில் அவ்வாறு மறவாதிருக்க வேண்டியவர் யார் என்பதை நீங்களே அறிவீர்கள். அவர் பெயரை எழுதுங்கள். அவர் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.